கிரிக்கெட் நடந்த மறுநாள் காலை: மஞ்சக்குப்பம் வீடு ஒன்றின் டிடிஎச் கோளாறு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. 1988-இல் கட்டியது. கீழே ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவருடைய அம்மாவும் இருக்கிறார்கள். தெருவே அந்த அம்மாவை ஆயா என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். மேலே வாத்தியாரின் மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரன். மொட்டை மாடியில் ஒரே ஒரு டிடிஎச் குடை (டிஷ்). வீட்டில் டிவி நான்கு, செட்டாப் பாக்ஸ் மூன்று: கீழ் ஹாலில் ஒன்று, ஆயா அறையில் ஒன்று, மாடி ஹாலில் ஒன்று. மாடிப் படுக்கையறை டிவி பெட்டி இல்லாமல் சும்மா கிடந்தது.

புகார் ஆயாவுடையது. விடிகாலை ஐந்தரைக்கு அவர் பார்க்கும் பக்தி சானல் சில நாள் வரும், சில நாள் 'சிக்னல் இல்லை' என்று திரை சொல்லும். அதே நேரம் வேறு சானல்கள் சில ஓடும். ஆறு மாதத்தில் அவருடைய பெட்டியை இரண்டு முறை மாற்றியாயிற்று. குடையைத் திருப்பிப் பார்த்தாயிற்று. மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று யாரோ ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, குடையின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவி மேல் கவிழ்த்தும் வைத்திருந்தார்கள். எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பதை எழுதவில்லை. கோளாறு அவர்கள் பக்கம் இல்லை.

முதல் தடவை பழுது பார்க்கப் போனபோது நான் ஏமாந்தேன். போனது பகல் பன்னிரண்டு மணிக்கு. மகன் வேலைக்குப் போயிருந்தார், மாடியில் மெயின் சுவிட்சே அணைந்திருந்தது. ஆயா அறையில் எல்லாச் சானலும் ஒழுங்காக வந்தன. சிக்னல் அளவு மட்டும் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. மாடிக்குப் போய் எல்என்பி கனெக்டரைக் கழற்றினால், உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. கடலோர ஊரில் இது புதிதில்லை. நம் வயர்களில் பெரும்பாலும் நடுக் கம்பி எஃகு, மேலே மெல்லிய செம்புப் பூச்சு. உப்புக் காற்றில் பூச்சு உரிந்ததும் உள்ளே துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். நுனியை வெட்டிப் புது எஃப் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றி, தண்ணீர் சொட்டிப் போக வயரை ஒரு வளைவு வளைத்துவிட்டு இறங்கினேன்.

கிளம்பும்போது ஆயா சொன்னார்: "மேல பெட்டி ஓடுனா எனக்கு வராது தம்பி." சரி ஆயா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எண்பதைத் தாண்டியவர் ஏதோ சொல்கிறார் என்றுதான் அப்போது பட்டது. மேல் பெட்டி ஓடினால் கீழ்ப் பெட்டி ஏன் நிற்க வேண்டும்?

நான்காம் நாள் போன் வந்தது.

இரண்டாம் தடவை சாயங்காலமாகப் போனேன். ஆயா சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் காட்டினார். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பால் கணக்கு, அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று பென்சிலில் இருக்கிறது. சில கட்டங்களில் பக்கத்திலேயே ஒரு பெருக்கல் குறி. டிவி வராத நாட்களாம். மகன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன் போனில் ஏதோ தேடினார். பிறகு சிரிப்பு நின்றது. முந்தின நாள் இரவு மேட்ச் இருந்திருந்தால் மறுநாள் கட்டத்தில் பெருக்கல் குறி. ஒன்றிரண்டு தவிர எல்லாம் பொருந்தியது. அந்த ஒன்றிரண்டும் மழை நாட்கள்.

வீட்டு வயரிங் எப்படிப் போகிறது என்று அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில், ஆளுயரத்துக்கு மேல், சுவரில் பதித்த சின்ன இரும்புப் பெட்டி. உள்ளூர் கேபிள் காலத்தில் அறைகளுக்கு வயர் பிரித்த இடம் அது. மொட்டை மாடியிலிருந்து அங்கே ஒரு வயர் வருகிறது. அங்கிருந்து கீழ் ஹாலுக்கு ஒன்று, ஆயா அறைக்கு ஒன்று, மாடி ஹாலுக்கு ஒன்று. மாடி ஹாலில் இருந்து அதே வயர் தொடர்ந்து படுக்கையறைக்குப் போகிறது. எல்லாமே கேபிள்காரர்கள் இழுத்த பழைய ஆர்ஜி-59 ரக வயர். நடுவில் உட்கார்ந்திருந்தது, ஒரு வயரில் வருவதை நான்காகப் பிரிக்கும் நான்கு வழி ஸ்பிளிட்டர். அதன் முதுகில் 5 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சு. கேபிள் காலத்து ஸ்பிளிட்டர் 1000 மெகாஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். அதை எடுத்துவிட்டு டிடிஎச் போட வந்தவர் இதை வைத்திருக்கிறார். பொருள் சரியான பொருள்தான். வேலைதான் அதனுடையது இல்லை.

குடையின் முன்னால் இருக்கும் எல்என்பி, வானத்தில் இருந்து வரும் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையான அலையை வாங்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி வயரில் விடுகிறது. வானத்தில் இருப்பது வயர் கொள்வதைவிட அதிகம். செங்குத்தாக அதிரும் அலை, கிடையாக அதிரும் அலை என்று இரண்டு; ஒவ்வொன்றிலும் கீழ்ப் பாதி, மேல் பாதி. ஆக நான்கு கால்வாசி. சாதாரண ஒரு முனை எல்என்பி ஒரு நேரத்தில் ஒரு கால்வாசியைத்தான் கீழே அனுப்பும். எது வேண்டும் என்று சொல்வது செட்டாப் பாக்ஸ், அதுவும் அதே வயர் வழியாக. 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடை. மேல் பாதி வேண்டுமென்றால் கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் சைகை ஒன்று. நாம் ரிமோட்டில் சானல் மாற்றும்போது மொட்டை மாடியில் எல்என்பிக்குப் போகும் வோல்டேஜே மாறக்கூடும்.

பழைய கேபிள் டிவி அப்படியில்லை. அனலாக் காலத்தில் எல்லாச் சானலும் ஒன்றாகவே வயரில் வந்து நின்றன. டிவி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. அதனால் ஸ்பிளிட்டரை எத்தனை கிளை வேண்டுமானாலும் பிரிக்கலாம், படத்தில் புள்ளி விழும் வரைக்கும். நம் வீடுகளின் வயரிங் அந்தக் காலத்துக் கணக்கில் போட்டது. வயர் பழசாக இருப்பது பெரிய விஷயமில்லை. இப்போது ஒரு வயர் ஒரு பெட்டியின் பேச்சைத்தான் மேலே கொண்டுபோகும், இரண்டு பெட்டி சேர்ந்து பேசினால் சத்தம் அதிகமானது ஜெயிக்கும்.

ஜெயிப்பது எப்போதும் 18 வோல்ட். இந்த வகை ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு முனைக்கும், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு ஒன்று இருக்கும். எந்தப் பெட்டி கூடுதல் வோல்டேஜ் தருகிறதோ அதுதான் எல்என்பிக்குப் போய்ச் சேரும்.

இதை நிரூபிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஏணியில் நின்று, ஸ்பிளிட்டரின் உள்முனைக் கனெக்டரைச் சற்றுத் தளர்த்தி, நடுக் கம்பியில் ஓர் ஊசி, வெளிக்கூட்டில் ஓர் ஊசி வைத்தேன். (பெட்டி ஓடும்போது கனெக்டரில் கை வைப்பது நல்ல பழக்கம் இல்லை. வயரின் வெளிப் பின்னல் கம்பியில் ஓர் இழை நடுக் கம்பியைத் தொட்டால் பெட்டிக்குள் எல்என்பி சப்ளை போய்விடலாம். நான் செய்தேன் என்பதற்காக நீங்களும் செய்ய வேண்டாம்.) ஆயா தன் பக்தி சானலை வைத்திருந்தார். மீட்டரில் 12.7.

"மேட்ச் சானல் வைங்க சார்" என்று மாடிக்குக் குரல் கொடுத்தேன். மீட்டர் 17.5-க்குத் தாவியது. ஆயா அறையில் பாட்டு நின்றது.

"இப்ப சீரியல் சானல் வைங்க." 12.7. இரண்டு மூன்று விநாடிகளில் உள்ளே இருந்து ஆயாவின் குரல்: "வந்துட்டாரு பெருமாள்."

கடைசியாக ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி மேட்ச் சானல் வைத்து, பெட்டியை ரிமோட்டில் அணைக்கச் சொன்னேன். மாடித் திரை கறுத்தது. மீட்டர் 17.5-லேயே நின்றது. இந்த ரகப் பெட்டி ரிமோட்டில் அணைத்தாலும் எல்என்பிக்குக் கொடுப்பதை நிறுத்துவதில்லை. கடைசியாக எந்தச் சானலில் இருந்ததோ அந்த வோல்டேஜை விடிய விடிய அனுப்பிக்கொண்டே இருக்கும். வாத்தியார் கரண்ட் பில்லுக்குப் பயந்து ஹால் சுவிட்சைப் போர்டிலேயே அணைத்துவிடுவார், ஆயாவும் அப்படித்தான். மாடியில் மட்டும் ரிமோட். மருமகள் சீரியல் பார்த்துவிட்டு அணைத்த இரவுக்கு மறுநாள் பெருமாள் வந்தார். மகன் மேட்ச் பார்த்துவிட்டு அணைத்தால் வரவில்லை.

ஸ்பிளிட்டர் போட்டவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு பெட்டி மட்டும் ஓடும் நேரத்தில் சோதித்தால் எல்லா அறையிலும் எல்லாச் சானலும் வந்திருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். நானும் முதல் நாள் அதைத்தானே செய்தேன்?

சரி, என்ன செய்வது? அன்று சாயங்காலத்துக்கு மட்டும் என்றால் மாடிப் பெட்டியின் சுவிட்சைப் போர்டில் அணைக்கச் சொல்லிவிட்டு வரலாம். ஆனால் ராத்திரி ஒரே நேரத்தில் மகன் மேட்சும் ஆயா வேறு சானலும் பார்க்க முடியாது என்பது அப்படியே இருக்கும். முறையான தீர்வு நான்கு முனை எல்என்பி. அது பார்க்கப் பழையது போலவே இருக்கும், அதே குடையில் அதே கிளாம்பில் உட்காரும். ஆனால் உள்ளே நான்கு முனைக்கும் தனித்தனியாகக் கேட்டு நடக்கும். விலையும் பெரிதில்லை. தொல்லை வயரில்தான்: மூன்று பெட்டிக்கு மொட்டை மாடியில் இருந்து மூன்று தனி வயர் வர வேண்டும். வந்துகொண்டிருப்பதோ ஒன்று.

ஒரே வயரில் பல பெட்டிகளை ஓட்டும் முறையும் உண்டு. யூனிகேபிள் என்பார்கள், ஐரோப்பாவில் 2007-இலேயே இஎன் 50494 என்று தரமாக வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் வயருக்குள் ஒரு தனி அலைவரிசையை ஒதுக்கிக் கொடுத்துவிடும். தொடர்வயரிங் போட்ட வீட்டுக்கு அது வரம். ஆனால் அதற்கேற்ற எல்என்பியும் வேண்டும், பெட்டிக்கும் அந்த மொழி தெரிய வேண்டும். இந்த வீட்டு மூன்று பெட்டிகளின் மெனுவில் நோண்டிப் பார்த்தேன், அப்படி ஒரு வாய்ப்பே இல்லை.

படிக்கட்டுக்கு இறங்கும் பைப் முக்கால் இன்ச். வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்தேன். நான்கடியில் முட்டி நின்றது. கான்கிரீட் போட்டபோது சிமெண்ட் பால் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வயரையும் அசைக்க முடியவில்லை. வெளிச் சுவரில் கிளிப் அடித்துக் கொண்டுவரலாம் என்றேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அப்போது வாத்தியார்தான் கேட்டார், "அந்தத் தூர்தர்ஷன் வயர் ஒண்ணு இருந்துச்சே, அது உதவாதா தம்பி?"

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஒரு துருப்பிடித்த குழாய்க் கட்டை நின்றது. அதில்தான் பழைய ஆன்டெனா இருந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது ஆன்டெனா முறிந்து பக்கத்து வீட்டு முருங்கையில் போய் விழுந்ததாம். குழாய்க் கட்டையின் அடியில் சிமெண்ட் வைத்து அடைத்த ஓட்டை. உளியால் மெதுவாகத் தட்டியதும் கறுத்துப்போன வயர் நுனி வெளியே வந்தது. கீழே அது கீழ் ஹாலின் ஷோகேஸுக்குப் பின்னால், முப்பது வருடத்துப் பொம்மைகளுக்கு மறைவில் முடிந்திருந்தது. ஸ்லாபில் தனி பைப், வளைவு இரண்டே இரண்டு. கேபிள்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் புது வழி போட்டிருக்கிறார்கள்.

அந்த வயரையே கயிறாக வைத்து இழுத்தோம். பழைய நுனியில், சிக்னல் இழப்பு குறைந்த ஆர்ஜி-6 ரகப் புது வயரின் நுனியைச் சேர்த்து, முடிச்சுப் புடைக்காமல் ஒல்லியாக டேப் சுற்றி, மேலே என் உதவிப் பையன் தள்ள, கீழே நான் இழுக்க. இரண்டாவது வளைவில் நின்றுவிட்டது. வலுவாக இழுத்தால் பழைய வயர் அறுந்துவிடும், அறுந்தால் அந்த வழி நிரந்தரமாக மூடிக்கொள்ளும். ஆயா எழுந்து போய் தன் முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். எலக்ட்ரீஷியன்கள் பைப்பில் பவுடர் கொட்டி இழுப்பதை எங்கேயோ பார்த்திருக்கிறார் போல. ஒரு அடி திரும்ப மேலே இழுத்து, வயர் முழுக்கப் பவுடர் தேய்த்து விட்டோம். சர்ரென்று இறங்கியது. ஹால் முழுக்க மல்லிகை வாசனை.

ஆக, குடையில் நான்கு முனை எல்என்பி. கீழ் ஹாலுக்குத் தூர்தர்ஷன் பைப் வழியாகப் புது வயர். மாடி ஹாலுக்கு மொட்டை மாடியில் இருந்து ஏழு மீட்டர்தான், ஜன்னல் கட்டையோரம் துளை போட்டு உள்ளே கொண்டுவந்தேன். பின்பக்கம் என்பதால் பெயிண்டுக்குச் சேதம் இல்லை. படிக்கட்டுப் பெட்டிக்கு வரும் பழைய ஆர்ஜி-59 முழுக்க ஆயாவுக்கு. ஸ்பிளிட்டரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு வயரையும் ஒரு சாதாரண ஜாயின்ட் கனெக்டரால் நேராக இணைத்தேன்.

இருபது மீட்டர் பழைய வயர் தாங்குமா என்று கேட்பீர்கள். 2150 மெகாஹெர்ட்ஸில் நல்ல ஆர்ஜி-6 நூறு மீட்டருக்குச் சுமார் 30 டெசிபெல் (சிக்னல் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு) தின்னும், ஆர்ஜி-59 நாற்பதை ஒட்டி. இருபது மீட்டருக்கு 8 டெசிபெல். நான்கு வழி ஸ்பிளிட்டர் தனியாகவே ஏறக்குறைய அவ்வளவு தின்றுகொண்டிருந்தது, அதை எடுத்தாயிற்று. எல்என்பி ஐம்பது டெசிபெலுக்கு மேல் பெருக்கித் தருவதால் இந்த அளவு இழப்பு பெட்டிக்கு ஒரு பொருட்டில்லை. நான் பயந்தது வோல்டேஜுக்குத்தான். வழியில் துருப்பிடித்த ஜாயின்ட் இருந்தால் பெட்டி 18 அனுப்பினாலும் மேலே 15-தான் போய்ச் சேரும்; எல்என்பிக்கு அது செங்குத்தா கிடையா என்று புரியாது. ஆயா பெட்டியில் மேட்ச் சானலை வைத்துவிட்டு மொட்டை மாடியில் அளந்தேன். 17.1 இருந்தது. போதும்.

குடையையும் ஒரு தடவை நேராக்கினேன். வடநாட்டில் குடை தெற்கு வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். நமக்குச் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். கடலூரில் இருந்து 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்பதைப் பிடிக்க அடிவானத்தில் இருந்து 76 டிகிரி ஏற்றம், 93.5 டிகிரியில் நிற்பதற்கு 69. டெல்லியில் அதே 83-க்கு 56 டிகிரிதான். இவ்வளவு செங்குத்தாகப் பார்ப்பதில் நமக்கு ஒரு லாபம்: மழைக்குள் அலை பயணப்படும் தூரம் குறைவு. ஐப்பசி கார்த்திகையில் இங்கே கொட்டுகிற கொட்டுக்கு அந்த லாபம் எந்த மூலைக்கு என்பது வேறு விஷயம்.

மழையைப் பற்றி வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஸ்பிளிட்டரை எடுத்தால் மழையிலும் படம் நிற்காது என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பிவிடக் கூடாது. மழை அடிப்பது எல்என்பிக்கு முன்னால், வானத்தில். அங்கே கெட்டுப்போன சிக்னலை வயரில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் திரும்ப வாங்க முடியாது. அதற்குப் பெரிய குடைதான் வழி: 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 வைத்தால் மூன்றரை டெசிபெல் கூடும். அடைமழையில் அதுவும் போகும், தூறலுக்கு நிற்கும். வேண்டாம் என்றார். மழை பெய்தால் கரண்டே இருப்பதில்லையே, குடையை வைத்து என்ன செய்ய என்பது அவர் கேள்வி.

மிச்சம் இருந்தது மாடிப் படுக்கையறை டிவி. எல்என்பியில் நான்காவது முனை காலியாக இருக்கிறது, இன்னொரு பெட்டி வாங்கிவிடலாம் என்றார் மகன். முனை இருப்பதால் சானல் இலவசமாக வந்துவிடாது, பெட்டிக்குப் பெட்டி சந்தா உண்டு. இரண்டாவது டிவியில் இருந்து நெட்வொர்க் கட்டணம் முதல் டிவியின் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதி போட்டது. 2024-இல் கட்டண உச்சவரம்பையே எடுத்துவிட்டது. பேரன் பார்ப்பது ஒரு மணி நேரம் கார்ட்டூன், அதற்கு மாதச் சந்தாவா என்று வாத்தியார் மறுத்துவிட்டார்.

அங்கேதான் அந்தத் தொடர்வயர் கைகொடுத்தது. மாடி ஹால் பெட்டியில் படமும் ஒலியும் வெளியே வரும் ஏவி முனையில் ஒரு சின்ன மாடுலேட்டர் வைத்தேன். பெட்டியில் ஓடும் படத்தை அது பழைய அனலாக் சானலாக மாற்றி, 471 மெகாஹெர்ட்ஸில், ஹாலில் இருந்து படுக்கையறைக்குப் போகும் ஆர்ஜி-59-இல் விடுகிறது. அந்த வயர் பிறந்ததே இந்த அலைவரிசைக்காக. படுக்கையறை டிவியில் கேபிள் தேடல் போட்டதும் முதல் சுற்றிலேயே சிக்கியது. ஹாலில் என்ன ஓடுகிறதோ அதுதான் இங்கேயும், எச்டி துல்லியமும் கிடையாது. சானல் மாற்ற வேண்டுமானால் பேரன் ஹாலுக்கு ஓட வேண்டும். ரிமோட் சைகையைத் திருப்பி அனுப்பும் கருவி இருக்கிறது என்று சொன்னேன். "ஓடட்டும், நல்லதுதான்" என்றார் மருமகள்.

டிசம்பர் கடைசியில் தெருவில் வேறு வேலைக்குப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். காலண்டரில் மூன்று பெருக்கல் குறிகள். இரண்டுக்குப் பக்கத்தில் 'மழை' என்று எழுதியிருந்தது. மூன்றாவதைக் காட்டி, இது எதனால் ஆயா என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்.

"அது பால்காரன் வராத நாளு" என்றார்.